லயத்துக் காம்பராவுக்கு ஒரு பழைய டெப்: படம், பாட்டு, படிப்பு, கொழுந்துக் கணக்கு

கொரோனா காலத்தில் ஒன்லைன் வகுப்புக்கென்று வாங்கிய டெப்கள் (டேப்லெட் கணினிகள்) இலங்கை மலையகத்தில் எத்தனையோ வீடுகளில் அலுமாரிக்குள் கிடக்கின்றன. கேட்டால் மூன்று குறைதான் சொல்வார்கள்: சார்ஜ் ஏறுவதில்லை, படம் நின்று நின்று ஓடுகிறது, டேட்டா கட்டுப்படியாவதில்லை. மூன்றையும் சரிசெய்யலாம். டேட்டா பிரச்சினைக்கு வழி ஒன்றே ஒன்று. இணையத்தை நம்பி இருக்கும் சாமானாக டெப்பை வைத்திருக்காமல், டவுனில் நிரப்பிக்கொண்டு வந்து வீட்டில் எடுத்து எடுத்துப் பாவிக்கும் பெட்டியாக அதை மாற்றிவிட வேண்டும். மேட்டில் நின்றால் சிக்னல் நிறைய, பள்ளத்து லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, இறங்கினால் ஒன்றுமே இல்லை என்ற நிலையில் உள்ள தோட்டங்களுக்கு இதைவிட நல்ல வழி தெரியவில்லை.

இந்தப் பதிவுக்கு எடுத்துக்கொண்டது 10.1 அங்குல ஆண்ட்ராய்ட் டெப். 2 ஜிபி ராம், 32 ஜிபி சேமிப்பு, 6000 எம்ஏஎச் பேட்டரி, மைக்ரோ யூஎஸ்பி வாய். 8 அங்குல டெப்புக்கும் இதே முறைதான். ஸ்டாண்டின் அளவு மட்டும் மாறும்.

சார்ஜ் ஏறாவிட்டால் பேட்டரியைக் குற்றம் சொல்லாதீர்கள்

முதலில் பார்க்க வேண்டியது கேபிள் குத்தும் வாய். விறகடுப்பு எரியும் வீட்டில் புகைக்கரியும் ஸ்வெட்டர் நூலும் சேர்ந்து அதற்குள் இறுகிவிடும். கேபிள் முழுதாக உள்ளே போகாது. பாதி தொட்டும் தொடாமலும் நிற்கும். டெப்பை முழுதாக ஓஃப் செய்துவிட்டு டோர்ச் அடித்துப் பாருங்கள். வாயின் நடுவில் மெல்லிய நாக்கு ஒன்று தெரியும், அதில்தான் ஐந்து தொடுமுனைகளும் இருக்கின்றன. பல் குத்தும் மரக்குச்சியின் நுனியைத் தட்டையாகச் சீவி, தொடுமுனைகள் இல்லாத பக்கத்துச் சுவரோடு ஓட்டி அழுக்கை வெளியே இழுக்க வேண்டும். ஊசியும் சேப்டி பின்னும் வேண்டாம். இரண்டு தொடுமுனைகளை ஒன்றாக்கிவிட்டால் போர்டே போய்விடும். அதன்பின் போன் திருத்தும் கடைகளில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் அல்கஹோலைச் சிறு பிரஷில் தொட்டு ஒருமுறை துடைத்து, கால் மணி நேரம் காயவிடுங்கள். பெற்றோலும் தின்னரும் பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும்.

அடுத்தது கேபிள். மைக்ரோ யூஎஸ்பியில் பிடித்துக்கொள்ளும் சின்ன ஸ்பிரிங்குகள் கேபிளின் முனையில்தான் உள்ளன. ஆகவே வாய் ஆடுகிறது என்று தோன்றினால் முதலில் புதுக் கேபிள் குத்திப் பாருங்கள். தேய்ந்திருப்பது பெரும்பாலும் பழைய கேபிள்தான். புதுக் கேபிளும் ஆடினால் மட்டுமே சார்ஜிங் போர்டைக் கடையில் மாற்ற வேண்டும். பல டெப்களில் அது தனிச் சிறு போர்டாக, ரிபன் கேபிளோடு இருக்கும். பெரிய போர்டைத் தொடாமலே மாற்றிவிடலாம்.

கேபிள் வாங்கும்போது அதன் தோலில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள். 28 என்றும் 24 என்றும் இரண்டு எண்கள் இருந்தால் இரண்டாவது கரண்ட் போகும் கம்பியின் தடிப்பு. எண் குறையக் குறையக் கம்பி தடிப்பு. 28 எண் கம்பி ஒரு மீற்றர் நீளத்தில், போக வர இரண்டு இழையும் சேர்த்து, ஏறக்குறைய 0.43 ஓம். அதில் 1.5 அம்பியர் ஓடினால் 0.6 வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போய், டெப்புக்கு 4.4 வோல்ட்தான் வந்து சேரும். அது போதாதென்று டெப் தானே கரண்டைக் குறைத்துக்கொள்ளும். 24 எண் கம்பியில் இழப்பு கால் வோல்ட் மட்டுமே. மூன்று மீற்றர் மெல்லிய கேபிளில் இரவு முழுக்க சார்ஜ் ஏறாமல் இருப்பதற்கு இதுதான் காரணம். பிளக் பொயிண்ட் தூரத்தில் இருந்தால் 230 வோல்ட் பக்கத்தில் நல்ல எக்ஸ்டென்ஷன் கோட் போடுங்கள், 5 வோல்ட் பக்கத்தை நீட்டாதீர்கள்.

சார்ஜர் 5 வோல்ட், 2 அம்பியர் இருக்க வேண்டும். 6000 எம்ஏஎச் பேட்டரியை 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 22 வொட்-அவர். 10 வொட் சார்ஜரில் இழப்பெல்லாம் சேர்த்து மூன்று, மூன்றரை மணி நேரத்தில் நிரம்பும். பட்டன் போனுக்கு வந்த அரை அம்பியர் சார்ஜரில் குத்திவிட்டுப் படமும் பார்த்தால் ஏறுவதைவிட இறங்குவதே அதிகம்.

10000 எம்ஏஎச் பவர் பேங்க் ஒன்று இருந்தால் இந்த டெப்பை ஒருமுறை முழுதாக நிரப்பலாம், கொஞ்சம் மிஞ்சும். எண்ணைப் பார்த்து இரண்டு முறை நிரம்பும் என்று கணக்குப் போடக் கூடாது. இரண்டுக்கும் இடையில் 5 வோல்ட்டுக்கு ஏற்றி மறுபடி இறக்குவதில் ஒரு பங்கு சூடாகவே போய்விடுகிறது.

பேட்டரி வீங்கினால்

டெப்பை எப்போதும் சார்ஜரிலேயே மாட்டி சுவரில் தொங்கவிடும் வழக்கம் பரவிவருகிறது. லித்தியம் பேட்டரிக்கு அதைவிடக் கெடுதல் கிடையாது. 100 வீதத்திலேயே நிற்பதும் சூடும் சேர்ந்தால் உள்ளே வாயு உண்டாகி உப்பும். செட்டிங்ஸில் பேட்டரி பாதுகாப்பு என்று ஒன்று இருந்தால் போட்டுவிடுங்கள், 80 அல்லது 85 வீதத்தில் அதுவே நிறுத்தும். இல்லாவிட்டால் 24 மணி நேர டைமர் பிளக் வாங்கி, மாலையில் இரண்டு மணி நேரம் மட்டும் கரண்ட் போகும்படி திருப்பி வையுங்கள். பலகாலம் பாவிக்காமல் வைப்பதென்றால் பாதி சார்ஜில் வைக்க வேண்டும். காலியாக அலுமாரியில் வைத்தால் திரும்ப எழும்பாமல் போகலாம்.

மேசையில் தட்டையாக வைத்தால் டெப் ஆடுகிறதா, ஸ்கிரீனின் ஒரு ஓரம் தூக்கியிருக்கிறதா, வெள்ளைப் பக்கத்தில் வெளிச்சத் திட்டு தெரிகிறதா என்று பாருங்கள். மூன்றில் ஒன்று இருந்தாலும் அன்றோடு சார்ஜ் செய்வதை நிறுத்திவிட வேண்டும். அமுக்கி மூடப் பார்ப்பது ஆபத்து. பேட்டரியில் ஓட்டை விழுந்தால் தீப்பிடிக்கும். விறகும் தகரமும் பலகையும் அடுத்தடுத்து இருக்கும் லயத்தில் ஒரு காம்பராவோடு (அறையோடு) அது நிற்காது. மணல் போட்ட தகர டின்னில் வைத்து, வீட்டுக்கு வெளியே மழை படாத இடத்தில் விட்டு, திருத்துபவரிடம் கொண்டுபோங்கள். குப்பையோடு போட்டு எரிக்கக் கூடாது.

நீங்களே மாற்றுவதென்றால் பழைய பேட்டரியின் மேலுள்ள மாடல் எண்ணும் நீள அகலமும் புதியதில் அப்படியே இருக்க வேண்டும். பின்மூடியைத் திறக்க இரும்பு வேண்டாம், சுரண்டி முடித்த பழைய ரீலோட் கார்ட் போதும். ஒரு மூலையில் நுழைத்து ஓரமாக ஓட்டிப் போனால் கிளிப்புகள் ஒவ்வொன்றாக விடும். திறந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைக் கழற்றுவது, மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. பேட்டரி பசையில் ஒட்டியிருந்தால் ஓரத்தில் ஐசோபுரொப்பைல் சில துளி விட்டு, ஐந்து நிமிடம் கழித்துப் பல்லிடுக்கு நூலை அடியில் கொடுத்து அறுத்தெடுங்கள். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் மேலே சொன்ன தீ அங்கேயே வரும். வீங்கிப்போன பேட்டரியை வீட்டில் கழற்ற முனைய வேண்டாம். அது கடைக்காரர் வேலை.

குளிரும் ஈரமும்

1868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் விடியப்புறம் பேட்டரி சீக்கிரம் இறங்குவதுபோலத் தெரிவது வழக்கம். சூடேறியதும் சரியாகிவிடும், பயப்பட வேண்டியதில்லை. பூஜ்ஜியம் பாகைக்குக் கீழ் லித்தியம் பேட்டரியை சார்ஜ் செய்யக் கூடாது; வீட்டுக்குள் அந்த அளவு குளிர் வராது. உண்மையான எதிரி ஈரம். மூடுபனியில் பையோடு நடந்து வந்த டெப்பை நேரே அடுப்பங்கரைச் சூட்டுக்குக் கொண்டுபோனால் உள்ளே நீர் கோத்துக்கொள்ளும். அரை மணி நேரம் முன் காம்பராவில் பையோடே வைத்துவிட்டு அதன்பின் எடுங்கள். இரவில் இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில், சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா பைகள் நாலைந்து போட்டு வைப்பது நல்லது. நனைந்தால் அரிசிக்குள் புதைப்பதில் பெரிய பயன் இல்லை. ஓஃப் செய்து, மூடி கழற்ற முடிந்தால் கழற்றி, காற்றோட்டத்தில் இரண்டு நாள் வைப்பதே மேல்.

மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரத்தில் இடி வரும். அப்போது சுவிட்சை மட்டும் நிறுத்தினால் போதாது. சார்ஜரையே பொயிண்டிலிருந்து பிடுங்கிவிடுங்கள்.

டெப்பைக் காலியாக்குவது

பழைய டெப் மெதுவாக ஓடக் காரணம் உள்ளே குவிந்திருப்பவை. வேண்டிய படங்களை எடுத்துவிட்டு பெக்டரி ரீசெட் செய்யுங்கள். ஆனால் அதற்கு முன் செட்டிங்ஸுக்குள் போய் கூகுள் கணக்கை நீக்க வேண்டும். நீக்காமல் ரிகவரி மெனு வழியாக அழித்தால், மறுபடி எழும்பும்போது பழைய கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்டு நிற்கும். செகண்ட் ஹேண்ட் டெப் வாங்குபவர்கள் விற்பவரை வைத்துக்கொண்டே இதைச் செய்து பார்த்துவிட்டுத்தான் காசு கொடுக்க வேண்டும்.

ரீசெட் ஆனபின் பாவிக்காத செயலிகளை டிசேபிள் செய்யுங்கள். அபவுட் பக்கத்தில் பில்ட் நம்பரை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஒப்ஷன்ஸ் திறக்கும். அங்கே அனிமேஷன் மூன்றையும் 0.5 ஆக்கினால் கைக்கு வேகம் தெரியும். 2 ஜிபி ராமில் ஒரே நேரத்தில் ஒரு வேலைதான் என்பதை வீட்டிலுள்ள எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். அப்டேட் நின்றுபோன ஆண்ட்ராய்டில் வங்கிச் செயலி போடக் கூடாது, அதைப் போனிலேயே வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பெட்டி எல்லோர் கையிலும் புழங்கும் பொதுச் சாமான்.

மெமரி கார்ட்

32 ஜிபியில் ஆண்ட்ராய்ட் எடுத்தது போக மிஞ்சுவது கொஞ்சம்தான். 64 ஜிபி கார்ட் ஒன்று போடுங்கள். சில பழைய டெப்கள் 32 ஜிபி வரைதான் ஏற்கும், அட்டையிலோ செட்டிங்ஸிலோ பார்த்துவிட்டு வாங்குவது நல்லது. சந்தைக் கடைகளில் போலிக் கார்ட் தாராளமாக ஓடுகிறது. 64 என்று காட்டும், உள்ளே 8 தான் இருக்கும். அதைத் தாண்டியதும் பழைய பைல்களின் மேலேயே எழுதத் தொடங்கிவிடும். வாங்கிய அன்றே கம்பியூட்டரில் எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw) என்ற சோதனை மென்பொருளை ஓடவிட்டு முழுக் கார்டையும் எழுதிப் படித்துச் சோதியுங்கள். நேரம் எடுக்கும், ஆனால் பிறகு வீட்டுக் கல்யாண வீடியோ காணாமல் போவதைவிடப் பரவாயில்லை.

கார்டைப் போட்டதும் போர்ட்டபிளா, இன்டர்னலா என்று கேட்கும். போர்ட்டபிள் என்றே கொடுங்கள். இன்டர்னல் என்று கொடுத்தால் அந்த டெப்பைத் தவிர வேறெதிலும் கார்டைப் படிக்க முடியாது. டவுனில் நிரப்பி வரும் நம் வேலைக்கு அது உதவாது. 4 ஜிபிக்கு மேற்பட்ட பைல் ஏறாமல் தகராறு செய்தால் கார்ட் பெட்32 (FAT32) முறையில் இருக்கிறது என்று அர்த்தம். எக்ஸ்பெட் (exFAT) முறைக்கு மாற்றினால் ஏறும்.

படம் நின்று நின்று ஓடுவதற்கு பெரும்பாலும் கார்ட் காரணமில்லை. புதிய வீடியோக்கள் எச்.265 என்ற சுருக்க முறையில், சில 10 பிட்டில் வருகின்றன. பழைய டெப்பின் சிப்பில் அதற்கான பகுதி இல்லாததால் முழுச் சுமையும் பிராசசர் தலையில் விழுகிறது. ஹாண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் எச்.264, 480பி என்று மாற்றினால் ஓட்டம் சீராகிவிடும். வீடியோ வினாடிக்கு 1 மெகாபிட், ஒலி 128 கிலோபிட் என்றால் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 510 எம்பி. இரண்டரை மணி நேரப் படம் 1.3 ஜிபிக்குள் அடங்கும். 64 ஜிபியில் நாற்பது படம் வைத்துக்கொண்டு பாடப் புத்தகங்களுக்கும் இடம் மிஞ்சும். 10 அங்குலத் திரையில் 480பிக்கும் 1080பிக்கும் ஒன்றரை மீற்றர் தள்ளி உட்கார்ந்தால் பெரிய வித்தியாசம் தெரியாது.

டேட்டா பெக்கேஜில் நள்ளிரவுக்குப் பிறகு தனியாக ஒரு பங்கு கிடைத்தால் அதை வீணாக்காதீர்கள். அன்டெனாபொட் போன்ற பொட்காஸ்ட் செயலியில் இரவில் தானே இறக்கும்படி வைத்துவிட்டால் பேச்சும் கதையும் விடியும்போது கார்டில் இருக்கும். ஒலி மட்டும் என்றால் செலவு சொற்பம்: 64 கிலோபிட் இணைய வானொலி ஒரு மணி நேரத்துக்கு 29 எம்பிதான். மலை மறைத்து எப்எம் விழாத பள்ளங்களுக்கு, சிக்னல் கொஞ்சம் இருந்தால், இதுவே வானொலி.

தகரத்தில் மழை பெய்யும்போது

மலையகத்து வீட்டில் டெப்பைப் பாவிப்பதில் உண்மையான சிக்கல் இதுதான், இதை யாரும் எழுதுவதில்லை. மே முதல் செப்டம்பர் வரை ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட் பக்கமும், டிசம்பர் தொடக்கம் பெப்ரவரி வரை பதுளைப் பக்கமும் தகரக் கூரை அடிக்கும் சத்தத்தில் டெப்பின் ஸ்பீக்கர் ஒன்றும் கேட்காது. மழைச் சத்தம் எல்லாச் சுருதியிலும் பரவியது. பேச்சில் சொல்லைப் பிரித்துக் காட்டும் மெய்யெழுத்து ஒலிகள் 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் பக்கம் இருப்பதால் முதலில் மூழ்குவது அவைதான். பாட்டு கேட்கும், வசனம் விளங்காது.

ஒலியை மட்டும் கூட்டினால் சின்ன ஸ்பீக்கர் கரகரக்கும். விஎல்சி செயலியின் ஈக்வலைசரைத் திறந்து, 200 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளவற்றை முழுதாக இறக்கிவிடுங்கள். அந்தச் சின்ன ஸ்பீக்கரால் அவற்றை எப்படியும் ஒலிக்க முடியாது, சக்தியைத்தான் தின்னும். பிறகு 2000, 4000 பட்டைகளை 5 டெசிபல் உயர்த்துங்கள். சாதாரண மழைக்கு இது போதும்.

பெருமழைக்கு வெளி ஸ்பீக்கர்தான். பழைய கம்பியூட்டர் ஸ்பீக்கர், டிவிடி செட்டோடு வந்த ஸ்பீக்கர் எதுவானாலும் பரவாயில்லை. ஒரு முனையில் 3.5 மில்லிமீற்றர் பின்னும் மறுமுனையில் சிவப்பு, வெள்ளை இரண்டும் உள்ள கேபிள் வேண்டும். டெப்பில் ஒலியை முக்கால்வாசிக்கு மேல் வைத்து, மிச்சத்தை ஸ்பீக்கரில் கூட்டிக் குறையுங்கள். மாறிச் செய்தால் இரைச்சல் சேரும். ஒரே ஒரு ஸ்பீக்கர்தான் இருக்கிறது என்றால் அக்சசிபிலிட்டியில் மோனோ ஓடியோவைப் போட மறக்காதீர்கள். போடாவிட்டால் ஒரு பக்கத்து ஒலி காணாமல் போகும். ஸ்பீக்கரைத் தரையில் வைக்காமல், உட்கார்ந்தவர் காது மட்டத்தில், சுவரை ஒட்டி, ஆட்களைப் பார்த்து வையுங்கள். ஒலியளவைக் கூட்டுவதைவிட ஸ்பீக்கரை ஒரு மீற்றர் பக்கத்தில் கொண்டுவருவதில் பலன் அதிகம்.

சார்ஜரும் ஸ்பீக்கரும் ஒரே பொயிண்டில் இருந்தால் ‘ஙீ’ என்று ஒரு முனகல் வரும். சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள், நின்றால் காரணம் அதுவே. படம் பார்க்கும்போது பேட்டரியில் ஓட்டுவதுதான் எளிய தீர்வு. புளூடூத் ஸ்பீக்கரில் இந்த முனகல் இல்லை. அங்கே ஒலி கொஞ்சம் பிந்தி வந்து உதட்டசைவோடு சேராது. விஎல்சியில் ஓடியோ டிலேயை மைனஸ் 200 மில்லிசெக்கனில் தொடங்கி, கைதட்டும் காட்சி ஒன்றை வைத்துச் சரிபாருங்கள்.

சப்டைட்டில் பைல் தமிழில் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் அது யுனிகோடில் இல்லை. கம்பியூட்டரில் திறந்து யூடிஎப்-8 என்று சேமித்தால் சரியாகும். காது மந்தமான பெரியவர்கள் உள்ள வீட்டில் எழுத்தளவைப் பெரிதாக்கிவிடுங்கள்.

ஸ்டாண்டுக்கு 18 மில்லிமீற்றர் தடிப்புள்ள சவுக்குப் பலகைத் துண்டு, 26 சென்ரிமீற்றருக்கு 14. முன் ஓரத்திலிருந்து 5 சென்ரிமீற்றர் உள்ளே, 12 மில்லிமீற்றர் அகலம், 10 மில்லிமீற்றர் ஆழத்தில் ஒரு காடி. வாளைப் பின்னால் 20 பாகை சாய்த்துப் பிடித்து இரண்டு கோடு அறுத்து, நடுவை உளியால் எடுத்தால் அதே சாய்வில் டெப் நிற்கும். 9 மில்லிமீற்றர் டெப்புக்கு இருபக்கமும் சைக்கிள் டியூப் ரப்பர் ஒட்டினால் கச்சிதமாக இறுகும், வழுக்காது. அறுக்கும் முன் சார்ஜர் வாய் எந்தப் பக்கம் வருகிறது என்று பார்த்து, அந்த இடத்தில் கேபிளுக்கு இடம் விடுங்கள். அடுப்புப் பக்கமும் வெயில் விழும் ஜன்னல் பக்கமும் வைக்கக் கூடாது.

படிப்புக்கு

கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் தமிழ்மொழிப் பாடப் புத்தகங்கள் தரம் வாரியாக பிடிஎப் ஆகக் கிடைக்கின்றன. கல்வி அமைச்சின் இ-தக்சலாவ தளத்திலும் பாடங்கள் உள்ளன. பிள்ளையின் தரத்துக்குரியதையும், அதற்கு முந்திய தரத்தின் கணிதத்தையும் இறக்கி வையுங்கள். பின்தங்கும் பிள்ளைக்குத் தேவைப்படுவது முந்திய வருடத்துப் புத்தகம்தான். ஸ்கேன் செய்த பிடிஎப் 2 ஜிபி ராமில் திணறும். மியூபிடிஎப் போன்ற இலகுவான வாசிப்புச் செயலி வேண்டும். சில பிடிஎப்களில் ஒரு சொல்லைத் தேடினால் கிடைக்காது. அவை பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சானவை. உள்ளே இருப்பது தமிழ் எழுத்தே அல்ல.

கிவிக்ஸ் செயலியில் தமிழ் விக்கிப்பீடியாவை ஒரே பைலாக இறக்கினால் சிக்னல் இல்லாமலே முழுதும் தேடிப் படிக்கலாம். 2005 இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தில் மலையக எழுத்தும் பழைய சஞ்சிகைகளும் நிறைய ஸ்கேன் ஆகியுள்ளன. அவற்றைத் திரட்டி ஒரு கோப்புறையில் வைத்துக் கொடுப்பது பத்துப் படம் கொடுப்பதைவிடப் பெரிய உதவி.

சின்னப் பிள்ளை கையில் கொடுக்கும்போது ஸ்கிரீன் பின்னிங் போடுங்கள். டெப்புக்கு லொக் பின் வைத்து, வெளியேறும்போது கேட்கும்படி போட்டிருந்தால், அந்தச் செயலியை விட்டு வெளியே வர பின் நம்பர் கேட்கும்.

ஓர்கானிக் மெப்ஸில் இலங்கை வரைபடத்தையும் இறக்கிவிடுங்கள். லொக் ஸ்கிரீன் படத்தில் மூன்று எண்களைப் பெரிதாக எழுதிவையுங்கள்: அனர்த்த முகாமைத்துவத்துக்கு 117, அம்புலன்சுக்கு 1990, பொலிசுக்கு 119. மண்சரிவு அபாயமுள்ள தோட்டமானால் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் விடும் எச்சரிக்கையின் நிறங்களையும் சேர்த்து எழுதுங்கள். மஞ்சள் என்றால் கவனம், செம்மஞ்சள் என்றால் ஆயத்தம், சிவப்பு என்றால் வெளியேற வேண்டும்.

கொழுந்துக் கணக்கு

பொழுதுபோக்குக்கு வாங்கிய பெட்டி காசைக் காக்கும் இடம் இது. ஏதாவதொரு ஸ்பிரெட்ஷீட் செயலியில், இணையம் இல்லாமல் வேலை செய்வதாகப் பார்த்து, பறிக்கும் தேயிலைக் கொழுந்துக்கு மாதத்துக்கு ஒரு தாள் திறவுங்கள். திகதி, பேர் (முழுநாள் சம்பளம்) விழுந்ததா அரைப்பேரா, காலை எடை, பகல் எடை, மாலை எடை, கழித்த கிலோ, மேலதிக கிலோ என்று நிரல்கள். நாட்சம்பளத்தையும் மேலதிக கிலோ விலையையும் ஒவ்வொரு வரியிலும் எழுதாமல், மேலே தனிக் கட்டங்களில் ஒருமுறை எழுதி, சூத்திரத்தில் அந்தக் கட்டங்களைக் காட்டுங்கள். சம்பளம் மாறினால் இரண்டு கட்டம் திருத்தினால் போதும். மாதம் நடுவில் மாறினால் மட்டும் புதுத் தாள்.

‘கழித்த கிலோ’ நிரலை விடாமல் நிரப்ப வேண்டும். ஈரத்துக்கு, கூடைக்கு, முற்றல் இலைக்கு என்று நிறுவையில் குறைப்பது அன்றைக்குச் சின்னதாகத் தெரியும், மாதம் முடியும்போது கூட்டினால்தான் அளவு விளங்கும். சம்பளச் சீட்டு வந்ததும் படமெடுத்து அதே மாதத்துப் பெயரில் வைத்து, பேர் எண்ணிக்கையை முதலிலும் கிலோவை அடுத்தும் ஒப்பிடுங்கள். ஊழியர் சேமலாப நிதியையும் (ஈ.பி.எப்) பாருங்கள். சட்டப்படி தொழிலாளியிடமிருந்து குறைந்தது 8 வீதம், தொழில் கொடுப்பவர் குறைந்தது 12 வீதம். சீட்டில் பிடித்த வீதத்தை ஒரு நிரலில் எழுதி வந்தால் வருடக் கூற்று வரும்போது சேர்த்துப் பார்க்கலாம். வித்தியாசம் இருந்தால் ஒப்பீஸில் பேசக் கையில் திகதியோடு ஆதாரம் இருக்கும். எழுதத் தமிழ் விசைப்பலகை வேண்டும், செல்லினமோ ஜிபோர்டோ போதும். தட்டச்சு வராத அம்மாமார் மைக் பட்டனை அழுத்திச் சொல்லலாம், ஆனால் எண்களைச் சொன்னபின் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

வீட்டு டிவிடிகளைக் காப்பாற்றுவது

கல்யாணம், சடங்கு, தோட்டத்துத் திருவிழா, காமன் கூத்து, இதெல்லாம் விசிடியிலும் டிவிடியிலும் பெட்டிக்கடியில் கிடக்கின்றன. மலைநாட்டு ஈரத்தில் தட்டில் பூஞ்சணம் பிடிக்கும். ஓட்டிப் பார்க்கும் செட்டும் பல வீடுகளில் இல்லாமல் போய்விட்டது. டெப்புக்கு இவற்றைக் கொண்டுவருவதுதான் இந்த வேலை முழுவதிலும் மிகப் பெறுமதியானது. ஆட்கள் திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்ப்பதும் இதைத்தான்.

தட்டை முதலில் வெறும் தண்ணீரில் ஒரு துளி பாத்திரம் கழுவும் சோப்பு கலந்து கழுவுங்கள். துடைக்கும்போது வட்டமாகத் துடைக்கக் கூடாது, நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராக இழுக்க வேண்டும். வட்டக் கீறல் தரவு ஓடும் தடத்தோடு போவதால் நீளத்துக்கு அழித்துவிடும். குறுக்குக் கீறலைத் தட்டே சமாளித்துக்கொள்ளும். விசிடியில் படம் எழுதிய மேற்பக்கத்தைத்தான் அதிகம் காக்க வேண்டும். தகடு அந்தப் பக்கத்துக்கு உடனடிக் கீழே இருக்கிறது.

விசிடியை மாற்ற வேண்டியதே இல்லை. கம்பியூட்டரில் போட்டு எம்பெக்ஏவி (MPEGAV) என்ற கோப்புறையிலுள்ள டெட் (.dat) பைலை இழுத்து, பெயரின் கடைசியை எம்பிஜி (.mpg) என்று மாற்றினால் விஎல்சியில் ஓடும். ஒரு மணி நேரத்துக்கு 600 எம்பி அளவில் வரும். அதைப் பெரிதாக்கிச் சேமித்தாலும் தெளிவு கூடாது, இடம்தான் போகும். டிவிடியை ஹாண்ட்பிரேக்கில் எடுங்கள். கல்யாண டிவிடிக்குப் பூட்டு எதுவும் கிடையாது. எச்.264, தர எண் 20 முதல் 22 வரை, அகல உயரம் மாற்றாமல். டீஇன்டர்லேஸ் கட்டாயம். அதைப் போடாமல் எடுத்தால், தப்படிப்பவர் கை வேகமாக அசையும் இடத்திலெல்லாம் சீப்புப் பல்போல் கோடுகள் தெரியும். பிறகு எடுக்க முடியாது. பிரதி எடுக்கும்போது ஒரே இடத்தில் திணறினால் வேறு டிரைவில் போட்டுப் பாருங்கள். ஒரு டிரைவ் படிக்காததை இன்னொன்று படிக்கும். அதுவும் நடக்காவிட்டால் டிடிரெஸ்க்யூ (ddrescue) என்ற மென்பொருள், கெட்ட இடத்தைத் தாண்டிப் போய் மற்றதையெல்லாம் முதலில் எடுத்துவிட்டுக் கடைசியில் திரும்பி வந்து முயலும்.

பைலுக்குப் பெயர் வைப்பதில் சோம்பல் வேண்டாம். வருடம் முதலில், பிறகு தோட்டம், டிவிஷன், நிகழ்வு. வீடியோவில் தெரியும் பெரியவர்களின் பெயரை இன்றைக்கே கேட்டு ஒரு குறிப்புப் பைலில் எழுதுங்கள்.

புதிதாகப் பதிவதற்கும் டெப் உதவும். தாலாட்டும் ஒப்பாரியும் தெரிந்த பாட்டிமாருக்கு டெப்பை ஒரு மீற்றர் தூரத்தில், ஸ்டாண்டில், மைக் ஓட்டை அவர்களைப் பார்க்க வையுங்கள். கையில் பிடித்தால் விரல் உரசும் சத்தம் விழும். மழையில்லாத நேரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். தப்பு மேளத்துக்கு இது நேர்மாறு. ஓங்கி அடிக்கும்போது மைக் தானாக ஒலியைக் குறைத்து, அடுத்த விநாடி பாட்டையும் சேர்த்து விழுங்கிவிடும். ஐந்தாறு மீற்றர் தள்ளி, பாடுபவருக்குப் பக்கமாகவும் தப்புக்குப் பக்கவாட்டிலும் நின்று எடுத்தால் இரண்டும் கேட்கும். மாசியில் இரவு முழுக்க நடக்கும் காமன் கூத்தைப் பழைய டெப்பின் கேமரா இருட்டில் சரியாகப் பிடிக்காது. 1080பியில் நிமிடத்துக்கு நூறு எம்பிக்கு மேல் தின்றுவிட்டு இருட்டைத்தான் தரும். ஒலியை மட்டும் முழுதாகப் பதிந்துகொண்டு, விளக்குக்குப் பக்கத்தில் ஆட்டம் வரும் நேரங்களில் மட்டும் 720பியில் வீடியோ எடுங்கள்.

எடுத்ததை எல்லாம் அந்த வாரத்திலேயே இன்னொரு கார்டில் பிரதி செய்து, இரண்டு பைல்களையும் ஓட்டிப் பார்த்து, இரண்டாவது கார்டை வேறொரு லயத்தில் உள்ள சொந்தக்காரர் வீட்டில் கொடுத்து வையுங்கள். கார்ட் பல வருடம் சும்மா கிடந்தால் அதிலுள்ளது மங்கலாம். வருடத்துக்கு ஒருமுறை, தீபாவளிக்கோ பொங்கலுக்கோ எல்லோரும் கூடும்போது, வாங்கி ஒருதரம் குத்திப் பார்த்துப் புதிதாகச் சேர்ந்தவற்றையும் ஏற்றிவிட்டுத் திருப்பிக் கொடுங்கள்.